‘டாஸ்’ என்று போட்ட லேப்டாப்பை வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, கணினி வாங்குவதைப் பற்றியவையாகிவிடுகின்றன. இம்முறை நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் எழுதியவர்களில் பலர் விண்டோஸ் இல்லாமல் விற்கப்படும் கணினியைப் பற்றியே கேட்டிருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நாங்கள் கோத்தகிரிப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பம். மகள் கோவையில் பி.எஸ்ஸி. கணினி அறிவியல் சேர்ந்திருக்கிறாள். மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் பார்த்த இரண்டு லேப்டாப்களுக்கும் வெளியே ஒரு வேற்றுமையும் தெரியவில்லை. ஆனால் ஒன்றின் பெட்டியில் ‘விண்டோஸ் 11 ஹோம்’ என்றும் மற்றதில் ‘டாஸ்’ என்றும் போட்டிருக்கிறது, விலையில் 4,500 ரூபாய் வித்தியாசம். “டாஸ் மாடலையே எடுங்கள், 500 ரூபாய் கொடுத்தால் நானே விண்டோஸ் போட்டுத் தருகிறேன்” என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா, ஐயா?

பதில்: பெட்டியில் ‘டாஸ்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஃப்ரீடாஸ் என்ற மிகச் சிறிய இயங்குதளத்தை, அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளைக் குறிக்கும். மைக்ரோசாஃப்ட் தன் பழைய எம்.எஸ்.டாஸைக் கைவிடப்போகிறது என்று தெரிந்ததும், 1994-இல் ஜிம் ஹால் என்ற அமெரிக்க மாணவர் அதற்கு மாற்றாகத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. இன்றைய கல்லூரி வேலை எதையும் அதில் செய்ய முடியாது. குடிவராத புது வீட்டில் பெயருக்குப் பால் காய்ச்சி வைப்பதைப் போல, கணினி காலியாக இல்லை என்று காட்டுவதற்காக உற்பத்தியாளர் போட்டு அனுப்புவது அது. ஆகவே நீங்கள் வாங்கப்போவது இயங்குதளம் இல்லாத கணினி என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த 500 ரூபாய். அதற்குக் கிடைப்பது உரிமம் அன்று, உரிமம் இருப்பதாக விண்டோஸை நம்பவைக்கும் ஒரு தந்திரம். அதைச் செய்யும் கருவியை ஓட்டுவதற்கு முன்னால் வைரஸ் தடுப்பை அணைத்து வைக்க வேண்டியிருக்கும். யாரென்று தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்குக் காவலை விலக்கி வழிவிடுவது என்பது இதுதான். சில கடைகள், பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாக வழங்கப்பட்ட எண் ஒன்றைப் போட்டுக் கொடுக்கும். அது எப்போது செல்லாமல் போகும் என்று கொடுத்தவருக்கே தெரியாது. சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, உரிமமற்ற நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. லாப நோக்கோ வணிகமோ இல்லாத பயன்பாடு என்றால் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வீட்டுப் பெண்ணைத் தேடி யாரும் கோத்தகிரி வரப்போவதில்லை என்று கடைக்காரர் சொல்வார். நான் பயப்படுவது அதற்கன்று. கணினி அறிவியல் படிக்கப்போகிறவளின் முதல் கணினியே ஓட்டைக் காவலோடு தொடங்க வேண்டுமா என்பதற்குத்தான்.

உண்மையான தேர்வு இரண்டே: உரிமத்தோடு வரும் விண்டோஸ் மாடல், அல்லது டாஸ் மாடலை வாங்கி அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். இதைத் தீர்மானிக்க வேண்டியது கடைக்காரர் அல்லர், கல்லூரித் துறை. சி, ஜாவா, பைத்தான், தரவுத்தளம் ஆகிய ஆய்வகப் பாடங்கள் எல்லாம் லினக்ஸில் தடையில்லாமல் நடக்கும். சொல்லப்போனால் லினக்ஸே ஒரு பாடமாக வரும். ஆனால் விஷுவல் பேசிக், டாட் நெட் ஆய்வகம் உண்டா, இணையவழித் தேர்வுக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் கண்காணிப்பு மென்பொருள் எதையாவது கேட்பார்களா என்று துறையில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். ‘உண்டு’ என்று பதில் வந்தால் யோசிக்காமல் விண்டோஸ் மாடலை எடுங்கள். உற்பத்தியாளருக்கு மொத்த விலையில் கிடைக்கும் உரிமத்தை, டாஸ் மாடலை வாங்கிய பிறகு நீங்கள் தனியாகச் சில்லறையில் வாங்கப்போனால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும்.

விலை வித்தியாசம் முழுவதும் விண்டோஸுக்குத்தான் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். நம் நாட்டில் விற்கப்படும் விண்டோஸ் லேப்டாப்களில் பலவற்றோடு எம்.எஸ். ஆஃபீஸ் உரிமமும் சேர்ந்து வருகிறது. உங்கள் 4,500-க்குள் அதுவும் இருக்கலாம். மறுபுறம், பெயர் ஒன்றாக இருந்தாலும் டாஸ் மாடலில் திரையோ நினைவகமோ ஒரு படி குறைவாக இருப்பதும் உண்டு. மாடல் எண்ணின் கடைசி நான்கைந்து எழுத்துகள் வரை எழுதிக்கொண்டு வந்து, உற்பத்தியாளரின் தளத்தில் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாம் ஒன்றாக இருந்து, துறையும் தடை சொல்லாமல், மகளும் லினக்ஸ் கற்க விரும்பினால், அந்த 4,500 ரூபாய் உங்களுடையது. பச்சைத் தேயிலைக்கு அது எத்தனை கிலோ என்று நீங்கள் ஏற்கெனவே கணக்குப் போட்டிருப்பீர்கள்.

கேள்வி: தாண்டிக்குடிக்கு மேலே எங்கள் தோட்டம். இணையத்தில் டாஸ் லேப்டாப் ஒன்றை ஆர்டர் செய்து, வத்தலக்குண்டு போய் எடுத்து வந்தேன். திறந்தால் கறுப்புத் திரையில் சில எழுத்துகள் மட்டும் வந்து நிற்கின்றன. பழுது பார்ப்பவர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்கிறார். திருப்பி அனுப்பிவிடட்டுமா?

பதில்: அனுப்ப வேண்டாம். ஆங்கில எழுத்து ஸி, பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி, ஒரு சாய்கோடு, ஓர் அம்புமுனை, அதன் அருகே கண் சிமிட்டும் ஒரு கோடு: நீங்கள் காண்பது இதுவென்றால் அதுதான் ஃப்ரீடாஸ். அந்த எழுத்துகளே உள்ளிருக்கும் வட்டிலிருந்து படிக்கப்பட்டுத் திரைக்கு வந்தவை. வட்டு போயிருந்தால், தொடங்குவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்ற அறிவிப்புதான் வந்திருக்கும்.

இனி அதில் லினக்ஸை நிறுவ வேண்டும். லினக்ஸின் பல வகைகளில், முதல் முறை செய்கிறவருக்கு லினக்ஸ் மின்ட் போதும் என்பது என் எண்ணம்; முகப்பு விண்டோஸைப் போலவே இருப்பதால் வீட்டில் மற்றவர்களும் தடுமாற மாட்டார்கள். பதிவிறக்க வேண்டிய கோப்பு ஏறக்குறைய 3 ஜி.பி. நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. என்ற கைப்பேசித் திட்டத்தில் இருப்பவருக்கு அது இரண்டு நாள் வேலை. ஆகவே விட்ட இடத்திலிருந்து தொடரும் பதிவிறக்கியைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் பட்டிவீரன்பட்டிப் பக்கம் இறங்கும் நாளில் நல்ல இணைப்புள்ள இடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பைத் திரைப்படம் ஏற்றுவதைப் போல பென்டிரைவில் நகலெடுத்தால் வேலை செய்யாது. வேறொரு கணினியில் ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற சிறு நிரலைக் கொண்டு, 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் அதை எழுத வேண்டும்; எழுதும்போது பென்டிரைவில் முன்பிருந்த அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் கல்யாண வீடியோ இருக்கும் பென்டிரைவைத் தொடாதீர்கள்.

பிறகு பென்டிரைவைச் செருகிவிட்டு லேப்டாப்பை இயக்கிய உடனே எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் லேப்டாப் நிறுவனத்துக்குரிய விசையை மீண்டும் மீண்டும் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், வட்டைத் தொடாமலேயே லினக்ஸ் முழுவதும் திரையில் ஓடும். வைஃபை, ஒலி, கேமரா, தொடுதளம் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று அரை மணி நேரம் புழங்கிப் பார்த்துவிட்டு, திருப்தி என்றால் மட்டும் ‘நிறுவு’ என்ற படத்தை அழுத்துங்கள்.

இரண்டு இடங்களில் சிக்கல் வரலாம். நிறுவும் நிரல் ‘வட்டு எதுவும் இல்லை’ என்று சொன்னால், பழுது பார்ப்பவர் சொன்னது சரியாகிவிட்டதோ என்று பதற வேண்டாம். இன்டெல் செயலி உள்ள புதிய லேப்டாப்கள் சிலவற்றில் வட்டை வி.எம்.டி. என்ற அமைப்புக்குப் பின்னால் வைத்திருப்பார்கள், கணினி உயிர்பெறும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற அமைப்பு நிரலுக்குள் போய் அதை அணைத்தால் வட்டு தெரிந்துவிடும். (விண்டோஸ் உள்ள கணினியில் இதை அணைத்தால் அந்த விண்டோஸ் தொடங்காது; உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.) மற்றொன்று வைஃபை. மிகப் புதிய சில்லு என்றால் அதற்குரிய இயக்கி, அதாவது அந்தச் சில்லை வேலை செய்யவைக்கும் சிறு நிரல், வந்து சேரும் வரை வைஃபை தெரியாமல் இருக்கலாம். அப்போது கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் அமைப்புகளில் யு.எஸ்.பி. டெதரிங்கை இயக்குங்கள், வேறெந்த இயக்கியும் இல்லாமலே இணையம் வந்துவிடும், அதன் வழியே மற்றதை இறக்கிக்கொள்ளலாம். தொடங்கும் முன்னால் பேட்டரியை நிறைய ஏற்றிக்கொள்ளுங்கள், மலையில் மின்சாரம் நம்மைக் கேட்டுக்கொண்டு போவதில்லை.

கேள்வி: குன்னூர் அருகே தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கர் வேலை. அலுவலகத்துக்கு ஐந்து கணினிகள் வாங்க வேண்டும். விண்டோஸ் இல்லாமல் வாங்கினால் செலவு குறையும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். சரிதானே?

பதில்: உங்கள் கணக்கு டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்குமானால், சொன்னதைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. லினக்ஸில் ‘ஒயின்’ என்ற இடைப்பொருளை வைத்து அதை ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு என்றாலும், மாதக் கடைசியில் பச்சைத் தேயிலைப் பட்டுவாடா நடக்கும் நாளில் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரித் துறைகளின் எக்செல் மேக்ரோ படிவங்களும், எம்.எஸ். ஆஃபீஸுக்கு இலவச மாற்றான லிப்ரே ஆஃபீஸில் ஒழுங்காகத் திறக்கும் என்று நம்ப முடியாது.

ஆனால் ஐந்திலும் டாலி ஓட வேண்டுமா என்று பாருங்கள். எடை மேடைக்கு அருகே பதிவு செய்யும் கணினி, மின்னஞ்சல் பார்க்கும் கணினி, மேலாளர் பிரவுசரிலேயே எல்லாவற்றையும் செய்யும் கணினி ஆகியவற்றுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். எடை மேடையோடு வரும் மென்பொருள் எதில் ஓடுகிறது என்று மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அச்சுப்பொறியையும் விட்டுவிடாதீர்கள். எச்.பி., எப்சன் அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவற்றுக்கு லினக்ஸ் இயக்கி உண்டு. நம் ஊர் அலுவலகங்களில் பத்து வருடமாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் சில பழைய லேசர் அச்சுப்பொறிகள்தாம் அடம்பிடிக்கும்.

கேள்வி: குன்னூரில் ஓய்வுபெற்று இருக்கிறேன். விண்டோஸோடு வந்த லேப்டாப்பைத்தான் வாங்க முடிந்தது, நான் பயன்படுத்துவது உபுண்டு லினக்ஸ். வேண்டாத விண்டோஸுக்கு நான் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாதா?

பதில்: உங்களுக்கு முன்பே கேட்டவர்கள் இருக்கிறார்கள். உரிம ஒப்பந்தத்தை ஏற்காதவர் உற்பத்தியாளரிடம் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று அன்றைய விண்டோஸ் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்ததைப் பிடித்துக்கொண்டு, 1999 பிப்ரவரி 15 அன்று லினக்ஸ் பயனர்கள் சிலர் கலிஃபோர்னியாவில் ஃபாஸ்டர் சிட்டியிலுள்ள மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கே ஊர்வலமாகப் போனார்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள் என்றாலும் செய்தியானது. இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 2014-இல் வாங்கியவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 2016 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், இயங்குதளத்தோடு சேர்த்துக் கணினியை விற்பது தன்னளவில் முறைகேடான வணிகம் ஆகாது என்றும், இயங்குதளத்தின் விலையைத் தனியாகப் பிரித்துக் காட்டாததும் வாங்குபவரை ஏமாற்றுவது ஆகாது என்றும் சொல்லிவிட்டது.

இப்போதைய விண்டோஸ் ஒப்பந்தம் இன்னும் கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருக்கிறது. ஏற்காதவர் உற்பத்தியாளரின் திருப்பியளிப்புக் கொள்கையைக் கேட்டுக்கொள்ளலாம், அந்தக் கொள்கை கணினி முழுவதையும் திருப்பித் தரச் சொன்னால் அப்படியே செய்ய வேண்டும் என்கிறது அது. அதாவது தோசைக்கு வரும் சட்னி வேண்டாம் என்றால் தோசையையும் வைத்துவிட்டுப் போகச் சொல்வது. நீங்களோ ஏற்கெனவே உபுண்டு போட்டுப் புழங்குகிறீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து பார்க்கலாம், செலவில்லை. பணம் வரும் என்று மட்டும் நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அந்த விண்டோஸின் உரிம எண் கணினியின் மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால், என்றைக்காவது கணினியை விற்கும்போது வாங்குபவர் விண்டோஸை மீண்டும் நிறுவிக்கொள்ள முடியும். அந்த அளவுக்கு உங்கள் பணம் கணினிக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: கூடலூரில் ஆசிரியை. எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்களாம். இங்கே நாங்கள் வாங்கினால் தமிழ் தட்டச்சுக்கு என்ன செய்வது?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் இருபது ஆண்டுக்கும் குறையாமல் லினக்ஸ் புழங்குகிறது. நம் பக்கமும் அது முற்றிலும் புதிதன்று: 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை.

தமிழ் தட்டச்சில் பயம் வேண்டாம். ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். லோஹித், நோட்டோ ஆகிய தமிழ் எழுத்துருக்கள் இலவசம். தொல்லை வேறிடத்திலிருந்து வரும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த வினாத்தாள்களைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இது லினக்ஸின் குற்றம் அன்று, அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அப்படித்தான். கணினி வாங்கும் முன்பே அவற்றை ஓர் எழுத்துரு மாற்றியில் போட்டு எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்குக் கொண்டுவந்து, ற்றை, ணை போன்ற எழுத்துகள் சிதையாமல் வந்திருக்கின்றனவா என்று ஒரு பக்கமாவது கண்ணால் படித்துச் சரிபாருங்கள்.

கேள்வி: விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டால் வாரண்டி போய்விடுமா?

பதில்: வன்பொருளுக்கான வாரண்டி வன்பொருளுக்கே; திரையோ விசைப்பலகையோ பழுதானால் மென்பொருளைக் காட்டி மறுப்பதற்கு நியாயம் இல்லை. ஆனாலும் சேவை மையத்தில் ‘விண்டோஸ் போட்டுக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்லும் ஆள் இருப்பார். பயாஸிலேயே உள்ள சோதனையை ஓட்டி, அது காட்டும் பிழை எண்ணைப் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஊட்டியிலிருந்து கோவைக்கு இறங்கி வாங்கப்போகிறேன். லினக்ஸ் ஒத்துவருமா என்று வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? கடைக்காரர் பென்டிரைவ் போட விடுவாரா?

பதில்: கேட்டால் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்காமல் வாங்கியவன் நான். பல ஆண்டுகளுக்கு முன்பு காந்திபுரத்தில் ஒரு கடையில் விலை மலிவு என்று பார்த்த மாத்திரத்தில் ஒரு லேப்டாப்பை வாங்கி, குன்னூர் வந்து சேர்ந்து லினக்ஸைப் போட்டால் ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை. மறுநாள் மீண்டும் மலை இறங்கிப் போனேன். “விண்டோஸில் கேட்கிறதே சார்” என்றார் கடைக்காரர். அவர் சொன்னதிலும் பிழையில்லை, லினக்ஸில் ஒலி கிடைக்கும் என்று அவர் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து வந்த புதிய கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, அதைச் சரிசெய்தது. அதுவரை காதுக்கருவியை மாட்டிக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

ஆகவே தாண்டிக்குடி வாசகருக்குச் சொன்ன அதே பென்டிரைவை முன்கூட்டியே தயார் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். கூட்டமில்லாத வார நாளில், காலையில் போங்கள். முத்திரை உடைக்காத பெட்டியைத் திறக்கச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பார்கள். காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில், அதே மாடல் எண்தானா என்று அடியில் உள்ள ஒட்டுத்தாளைப் பார்த்துவிட்டு, வட்டைத் தொடாமல் பென்டிரைவிலிருந்து மட்டும் ஓட்டுவேன் என்று சொல்லிக் கேளுங்கள். பத்து நிமிடம் போதும். உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் வைஃபையை இணையுங்கள், ஒரு பாட்டை ஒலிக்க விடுங்கள், கேமராவைத் திறங்கள், விசைகளால் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறையுங்கள். கடைசியாக மூடியை மூடிவிட்டு இரண்டு நிமிடம் கடைக்காரரோடு விலையைப் பேசுங்கள். மூடியைத் திறந்ததும் திரை உயிர்பெற்று, வைஃபை தானாக மறுபடி இணைகிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.